அவள் விட்டுவைத்த இணைப்பு

மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தியபோது டெஸ்டர் தலையைத் தூக்கவில்லை. தூக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த எஞ்சின் அணையும்போது கடைசியாக ஒரு இருமல் இருமும். அந்த இருமல் அவருக்குத் தெரியும். பதினோரு மாதமாக அது காதில் விழவில்லை. விழாமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

உச்சி வெயில். தகரக் கூரை சூடேறி அவ்வப்போது 'டக்' என்று சத்தம் போட்டது. பட்டறைக்குள் எப்போதும் போல அரை இருட்டு.

"வாங்க மாப்ள," என்றார், கையிலிருந்த ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கீழே வைக்காமல்.

"நல்லா இருக்கீங்களா மாமா?"

"இருக்கேன்."

இரண்டு பேரும் கடைசியாகப் பேசிக்கொண்டது ஆஸ்பத்திரி வராந்தாவில். அன்று மாப்பிள்ளை ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான். 'நீங்க அந்த ஸ்விட்ச்சப் போட்டுக் கொடுத்திருந்தா அவ இன்னிக்கு உயிரோட இருந்திருப்பா.' உண்மைக்கு என்ன பதில் சொல்வது?

"மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைச்சிருக்கு," என்றான் மாப்பிள்ளை. "மருந்து குடோன்ல. இன்னிக்கே கிளம்பறேன். சாமானெல்லாம் பின்னாடி ஏத்தியாச்சு. வண்டிய மட்டும் விக்க மனசு வரல."

"ம்."

"ரேடியேட்டர் ஃபேன் இப்பவும் அப்படித்தான் இருக்கு. ஒரு நேரம் ஓடுது, ஒரு நேரம் தூங்குது. ஏத்தத்துல அத நம்ப முடியாது." எச்சில் விழுங்கினான். "உள்ளேருந்து கையால போடற மாதிரி ஒரு ஸ்விட்ச் வச்சுக் கொடுங்க மாமா."

மகள் கேட்டதும் இதே வார்த்தைதான். ஒரு எழுத்து மாறவில்லை.

"உங்களுக்கு வேற எலெக்ட்ரீசியனே கிடைக்கலையா?"

"உங்க கை பட்ட ஒயரத்தான் அவ நம்புவா," என்றான் மாப்பிள்ளை.

டெஸ்டர் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கீழே வைத்தார்.

டெஸ்டர் என்பது தெரு வைத்த பெயர். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன விளக்கு வைத்த ஊசி, காதில் பென்சில் செருகுவது மாதிரி, எப்போதும் அவர் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருக்கும். தன் கையாலேயே பேட்டரியைக் கழற்றுவார். கழற்றிய பிறகு ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று ஊசி வைத்துப் பார்ப்பார். கம்பெனிக்காரனை நம்பமாட்டார், கடைக்காரனை நம்பமாட்டார், படித்தவனை அறவே நம்பமாட்டார். பெற்ற மகளையும் நம்பவில்லை. வினையே அங்கேதான் வந்தது.

அவள் இந்தப் பட்டறையிலேயே வளர்ந்தவள். தாய் இல்லாத பிள்ளை. ஒன்பது வயதில் ஒயரின் நிறத்தைப் பார்த்து அது எங்கே போகிறது என்று சொல்வாள். பதினேழு வயதில் ஒருநாள், அவர் வெளியே போயிருந்த நேரம், ஒரு வண்டியில் கடைசி இணைப்பைத் தானே கொடுத்துவிட்டாள். தப்பான இணைப்பு. ஒயர்க்கட்டு முழுக்க உருகிப் பட்டறை புகையாகிவிட்டது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். எல்லா வேலையும் நீ செய்யலாம், கடைசி இணைப்பு மட்டும் நான் வந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அவளுக்குக் கல்யாணமாயிற்று, சொந்தமாக வண்டி வாங்கி வாடகைக்கு ஓட்டினாள், வயது முப்பதைத் தாண்டியது. சட்டத்தை மட்டும் மீறவில்லை. 'என்னை நம்பவே மாட்டீங்களாப்பா' என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு ஒயரை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருப்பாள்.

ஃபேன் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை, "சென்சாரை மாத்து. ஸ்விட்ச்செல்லாம் வேண்டாம், போட்டுட்டு அணைக்க மறந்துடுவ," என்றார். மாற்றினாள். சரியாகவில்லை. இரண்டாம் தடவை, நாளைக்கு என்றார். மூன்றாம் தடவையும் நாளைக்கு என்றார்.

மலை ஏற்றத்தின் ஏழாவது வளைவில் வண்டி கொதித்தது. ஓரம் கட்டினாள். பானட்டைத் தூக்கி வைத்து, ஆறட்டும் என்று முன்னால் நின்றாள். மேலிருந்து இறங்கி வந்த லாரி அவளை மட்டும் இழுத்துக்கொண்டு போனது. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த வண்டிதான் இப்போது வாசலில் நின்றது.

"கூலன்ட் வாங்கிட்டு, அப்படியே சாப்பிட்டுட்டு வந்துடறேன்," என்றான் மாப்பிள்ளை.

"சாவிய எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு வேண்டாம்."

இந்த வண்டியில் ஃபேன் சாவி இல்லாமலும் ஓடும். எஞ்சினை அணைத்த பிறகும் சூடு இருந்தால் தானாகக் கிளம்பிவிடும். அதனால் பானட்டைத் தூக்கியதும் அவர் செய்த முதல் வேலை, ஃபேன் ஃபியூஸைப் பிடுங்கியது. பச்சை நிறம், கட்டைவிரல் நகம் அளவு. பிடுங்கியதை மேசையில் வைக்கக்கூடாது. ஃபேனுக்குள் கையை விடுகிறவன் சட்டைப்பையில்தான் அது இருக்க வேண்டும். அப்போதுதான் வேறு எவனும் எடுத்துப் போட்டுவிட முடியாது. இதுவும் அவர் போட்ட சட்டம்தான். பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்துப் பட்டறை டிங்கர் எட்டிப் பார்த்தான். நசுங்கிய கதவுகளைத் தட்டி நேராக்குகிறவன்.

"அண்ணே, அந்த வண்டியா?"

"ஆமா."

"நீங்க தொடாதீங்கண்ணே. நான் வேணா ஒரு ஆளச் சொல்றேன்."

"உன் ஆள நம்பறதுக்கு நான் இத ஆத்துல தள்ளி விட்டுடுவேன்."

"சரி, உங்க இஷ்டம். நான் சாப்பிடப் போறேன். செத்துகித்துப் போயிட்டா ஒரு குரல் கொடுங்க."

"செத்த பிறகு எப்படிடா குரல் கொடுக்கறது?"

டிங்கர் சிரித்துக்கொண்டே போனான். அவன் சுத்தியல் நின்றதும் தெருவே அமைதியாகிவிட்டது.

பானட்டுக்குள் கூலன்ட்டின் இனிப்பு வாடை. கொதித்து வழிந்து காய்ந்த கறை ரேடியேட்டர் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைத் தொடாமல் ரிலே பெட்டியைத் திறந்தார். வேலை பெரிய வேலை அல்ல. சூடானால் சென்சார் ரிலேவுக்குத் தரையிணைப்புக் கொடுக்கும், ரிலே கரண்டைத் திறந்துவிடும், ஃபேன் ஓடும். அதே ஒயரிலிருந்து இன்னொரு ஒயரை உள்ளே கொண்டுபோய் ஒரு ஸ்விட்ச்சில் விட்டால், சென்சார் தூங்கினாலும் கையால் ஓட்டிக்கொள்ளலாம். அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணி நேரத்தைத்தான் அவர் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார்.

எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகரத்தில் ஒயர் போக ஓட்டை தேடிக் கையை விட்டுத் தடவினார்.

ஓட்டை ஏற்கெனவே இருந்தது.

அதில் ரப்பர் வளையம் போட்டிருந்தது. வளையத்தின் வழியாக ஒரு கறுப்பு ஒயர் வந்திருந்தது. ஒயர் தகரத்தை ஒட்டி, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கட்டுப் போட்டு, ரிலே பெட்டி வரைக்கும் வந்து, இரண்டு விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டது. நுனியை டேப் சுற்றி மூடியிருந்தார்கள். டேப்பின் கடைசியில் அரை அங்குலம் மடித்து ஒரு காது விட்டிருந்தது.

அந்தக் காதைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

டேப்புக்குக் காது விட வேண்டும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அடுத்து வந்து பிரிக்கிறவன் நகத்தால் நுனியைத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது.

கதவைத் திறந்து டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஸ்டீயரிங்குக்கு அடியில், முழங்காலுக்கு மேலே, சட்டென்று கண்ணில் படாத இடத்தில் ஒரு கறுப்பு ஸ்விட்ச். பிசிறில்லாமல் பொருத்தியிருந்தது. தரையிணைப்பு, கட்டு, வளையம் எல்லாம் செய்து முடித்திருந்தாள். அப்பா வந்து பார்க்க வேண்டிய கடைசி இணைப்பு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

மீறியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. மீறாமல் மலை ஏறிவிட்டாள்.

அவர் அங்கேயே, கதவின் விளிம்பைப் பிடித்தபடி, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுகை வரவில்லை.

பிறகு எழுந்து போய் டேப்பின் காதைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் பிரிந்து வந்தது. ரிலே ஒயரைச் சீவி, இரண்டு ஒயர்களின் செப்புநுனிகளையும் சேர்த்து முறுக்கினார், ஈயம் வைத்தார், டேப் சுற்றினார். முடிவில் ஒரு காது விட்டார்.

அடுத்ததாக அவர் செய்தது பழக்க தோஷம்.

மகளோடு வேலை செய்த காலத்தில் ஒரு பாஷை இருந்தது. ஒருத்தர் பானட்டுக்குள் இருப்பார், ஒருத்தர் சீட்டில் இருப்பார். எஞ்சின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் ஸ்குரு முடுக்கும் திருப்புளியின் பிடியால் தட்டிக்கொள்வார்கள். ஒரு தட்டு, போடு. இரண்டு தட்டு, நிறுத்து. மூன்று தட்டு, கையை எடு. மூன்றாவதைச் சீட்டில் இருக்கிறவர்தான் டேஷ்போர்டில் தட்டுவார். கேட்டதும் ஏன் எதற்கென்று கேட்காமல் கையை வெளியே இழுக்க வேண்டும்.

இணைப்பு முடிந்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தன்னையறியாமல், திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து வண்டியில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஃபேன் ஓடியது.

சூடான காற்று முகத்தில் அடித்தது. இரண்டடி பின்னால் போனார். எட்டிப் பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. ஸ்விட்ச் அணைந்த பக்கமே இருந்தது.

முதலில் வந்த எண்ணம், இவள் எங்கேயோ தப்பாக இழுத்திருக்கிறாள் என்பது. அப்போதும் அவள்மேல்தான் சந்தேகம். டெஸ்டர் ஊசியை எடுத்து ரிலேயில் வைத்தார். விளக்கு எரியவில்லை. வேறு முனையில் வைத்தார். எரியவில்லை. கரண்டே இல்லை என்றது ஊசி. கண் முன்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஊசியை உதறினார். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக ஒயரை விட்டுவிட்டு டெஸ்டரைச் சந்தேகப்பட்டார். "பல்பு போயிடுச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்புறம் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஃபேன் நின்றது.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கூரைகூடச் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது.

கூலன்ட் வாடைக்கு நடுவே இன்னொரு வாடை வந்தது. எலுமிச்சை சோப்பு. கையில் ஒட்டிய கிரீஸ் போக அவள் போட்டுக் கழுவும் மஞ்சள் சோப்பு. அந்தக் கட்டியை அவரே தூக்கிப் போட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

ஒரு தட்டு.

ஓடியது.

இரண்டு தட்டு.

நின்றது.

"பாப்பா," என்றார். சீட்டைப் பார்த்து மறுபடி கூப்பிட்டார். "பாப்பா, நீதானா?"

டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் மட்டும், யாரோ நகர்ந்து உட்கார்ந்தது போல, மெல்ல முனகியது.

அவருக்குப் பயம் வந்தது. பேயைக் கண்ட பயமாக இருந்தால் ஓடியிருப்பார். இது வேறு. ஒன்பது வயதுப் பிள்ளை, வாக்குக் கொடுத்துவிட்டு வராத அப்பனை வாசலில் நின்று பார்க்குமே, அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்கும் பயம்.

"மூணு தடவை கேட்ட," என்றார், பானட்டுக்குள் குனிந்து, ரகசியம் போல. "எனக்கு ஞாபகம் இருக்கு. நீ சரியாத்தான் செஞ்சு வச்சிருக்க. நான் வந்து பாத்திருக்கணும். வரல."

சொல்லிக்கொண்டே வலது கையை ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே விட்டார். மணிக்கட்டு வரைக்கும். தெரிந்தேதான் விட்டார்.

"கோவம் இருந்தா தீத்துக்க."

கண்ணை மூடிக்கொண்டார்.

எலுமிச்சை வாடை நெருங்கி வந்தது. இறக்கை ஒன்று அவர் விரலை மெல்லத் தொட்டது. சில்லென்று இருந்தது. இவ்வளவு சூட்டில் அது சில்லென்று இருக்க வழியில்லை.

டக். டக். டக்.

சத்தம் டேஷ்போர்டிலிருந்து வந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

டக், டக், டக். இந்தமுறை வேகமாக, அவசரமாக. சொன்ன பேச்சைக் கேட்காத அப்பனிடம் அவளுக்கு எப்போதும் இருக்கும் அவசரம் அது. அடுத்து ஒரு அடி விழுந்தால் டேஷ்போர்டே உடைந்துவிடும் போல இருந்தது.

கையை வெளியே இழுத்தார்.

விரல்நுனி வெளியே வந்த அதே நொடியில் ஃபேன் இரைந்துகொண்டு சுற்றியது. சுற்றி, வேகம் குறைந்து, தானே நின்றது. டெஸ்டர் குனிந்து பம்பர் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பதினோரு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதார்.

மாப்பிள்ளை வந்தபோது அவர் முகம் கழுவி, பானட்டை மூடியிருந்தார். ஸ்விட்ச் இருக்கும் இடத்தைக் காட்டினார். மாப்பிள்ளை எஞ்சினைக் கிளப்பி ஸ்விட்ச்சைப் போட்டான். ஃபேன் ஓடியது. அணைத்தான். நின்றது.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க மாமா," என்றான்.

"நான் வைக்கல. அவளே வச்சிருந்தா. நான் ஒரு இணைப்புத்தான் கொடுத்தேன்."

மாப்பிள்ளை அந்த ஸ்விட்ச்சை விரலால் தடவினான். பிறகு, "ஆஸ்பத்திரியில நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க," என்றான்.

"சொன்னது சரிதான் மாப்ள. போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க. சூடு காட்டற முள்ளு பாதிக்கு மேல ஏறினாலும் ஏத்தத்துல எங்கயும் வண்டிய விட்டு இறங்கி நிக்காதீங்க."

வண்டி தெருமுனையில் திரும்பியது. வீடு காலியான மாதிரி இருந்தது அவருக்கு.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கலாம் என்று சட்டைப்பையில் கைவிட்டார். கண்ணாடியோடு ஏதோ ஒன்று வந்து தரையில் விழுந்து குதித்தது.

பச்சை ஃபியூஸ்.

குனிந்து எடுத்தார். புரட்டிப் பார்த்தார். அதேதான், அந்த வண்டியில் பிடுங்கியதுதான். திருப்பிப் போடவே இல்லை.

டெஸ்டர் ஊசி பொய் சொல்லவில்லை.

ஃபியூஸ் இல்லாத ஃபேன் ஓடாது. சென்சார் போட்டாலும் ஓடாது, ஸ்விட்ச் போட்டாலும் ஓடாது, கடவுளே வந்து போட்டாலும் ஓடாது. வண்டி இப்போது மலை அடிவாரத்தைத் தாண்டியிருக்கும்.

போனை எடுத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டார். அதே. பதினோரு தடவை போட்டார். மலையில் டவர் கிடைக்காது என்று தெரிந்தும் போட்டார். ஒரு சாவை அரைமணி நேரச் சோம்பலில் வாங்கினார். இன்னொன்றை மறதியில் வாங்கிவிட்டோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

டிங்கர் வந்து, "என்னண்ணே, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்றான்.

அவர் மறுபடி போனைக் காதில் வைத்தார். டிங்கர் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

கூரை ஆறத் தொடங்கிய நேரத்தில் போன் அடித்தது.

"வந்து சேந்துட்டேன் மாமா."

டெஸ்டருக்கு மூச்சு வந்தது. "முள்ளு எப்படி இருந்துச்சு?"

"பாதியத் தாண்டவே இல்ல. ஏழாவது வளைவுல கொஞ்சம் நிக்கணும்னு நெனச்சிருந்தேன். ஃபேன் அப்படி ஒரு இரைச்சலா ஓடிக்கிட்டே இருந்துச்சு, நிறுத்தத் தோணல. வந்துட்டேன்." குரல் தாழ்ந்தது. "ஒரே ஒரு விஷயம் மாமா. ஸ்விட்ச்ச நான் போடவே இல்ல. இப்ப எஞ்சின அணைச்சுப் பத்து நிமிஷமாச்சு. இன்னும் ஓடுது. ஸ்விட்ச்சப் போட்டுப் போட்டு அணைச்சுப் பாத்துட்டேன், நிக்க மாட்டேங்குது. எப்படி நிறுத்தறது?"

உள்ளங்கையில் ஃபியூஸ் உறுத்தியது.

"பானட்டுல ரெண்டு தட்டுத் தட்டுங்க."

"என்னது?"

"ரெண்டு தட்டு. தட்டுங்க மாப்ள."

போனுக்குள் இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்த காற்றுச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது.

மாப்பிள்ளை வண்டிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"மாமா, எலுமிச்சம்பழ வாடை அடிக்குது," என்றான்.

"வேற எவனையும் அந்த வண்டியில கை வைக்க விடாதீங்க," என்று சொல்லிவிட்டு டெஸ்டர் போனை வைத்தார்.

ஃபியூஸை மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்தபடியே இருந்தார். நம்ப முடியவில்லை. அவர் எதைத்தான் ஒரு தடவை பார்த்து நம்பியிருக்கிறார்? திருப்புளியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். மேசை விளிம்பில் ஒரே ஒரு தட்டு.

ஒன்றும் நடக்கவில்லை. திருப்புளியைக் கீழே வைக்கப் போனார்.

போன் அடித்தது.

"மாமா." மாப்பிள்ளை கிசுகிசுத்தான். "வண்டியப் பூட்டிட்டு வீட்டுக்குள்ள வந்துட்டேன். சாவி என் கையில இருக்கு. வண்டிகிட்ட யாருமே இல்ல. மறுபடியும் ஓட ஆரம்பிச்சிடுச்சு. போய்த் தட்டட்டுமா?"

"வேண்டாம்," என்றார் டெஸ்டர். "போனை அதுகிட்ட கொண்டுபோய் வைங்க."

மாப்பிள்ளை நடக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம். மலைக்கு அந்தப் பக்கம், இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். திருப்புளி கையிலேயே இருந்தது. இரண்டு தட்டுத் தட்ட அவருக்குக் கை எழவில்லை.